நல்லி எலும்பு போன தூரம்

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் போனால்தான் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் நல்லி கிடைக்கும். மதுரையில் அதற்குப் போட்டி அதிகம். அன்றைக்கு மூன்று நல்லி கேட்டேன். இரண்டை வழக்கம்போல் உடைக்கச் சொல்லிவிட்டு, "அண்ணே, ஒண்ணை மட்டும் வெட்டாம முழுசாக் குடுங்க" என்றேன்.

கட்டையில் கத்தியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "உடைக்காமப் போட்டா சாறு இறங்காதே தம்பி. சூப்புக்குத்தானே?"

"சூப்புக்கு இல்லண்ணே. உள்ள எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"எலும்புக்குள்ள பார்க்க என்ன தம்பி இருக்கு? எல்லாம் சுண்ணாம்புதான்" என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அவர் சொன்னதைத்தான் நாம் எல்லோரும் நம்புகிறோம். எலும்பு என்றால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்றால் கால்சியம், கால்சியம் என்றால் மாத்திரை. என் அம்மாவும் அப்படித்தான் நம்பினார். பதினைந்து வருடமாக சுகர். அதோடு காலையில் கேழ்வரகுக் கூழ், வாரம் ஒருமுறை பிரண்டைத் துவையல், இரவில் கால்சியம் மாத்திரை எதையும் விட்டதில்லை. போன வருடம் கொல்லைப்புறத்தில் வழுக்கி உட்கார்ந்தவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பெரிய விழுகை அல்ல. எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். வயதுக்கு ஏற்ற அளவில் நன்றாகவே இருக்கிறது என்று வந்தது. சுண்ணாம்பு சரியாக இருக்கிறது, எலும்பு முறிந்துவிட்டது. அப்படியானால் எலும்பில் வேறு எது குறைந்தது? அந்தக் கேள்விதான் என்னை அந்த முழு நல்லியின் பின்னால் நடக்க வைத்தது.

முதலில் சமையலறை. உடைத்த இரண்டும் மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு குக்கருக்குள் போயின. மிஞ்சிய சூப்பைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் திறந்தால் கிண்ணத்தைச் சாய்த்தாலும் வழியாத கூழாக உறைந்திருந்தது. ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டவர்களுக்கு உதடும் விரலும் ஒட்டிக்கொள்வது தெரியும். அது கொழுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொழுப்பு மேலே வெள்ளையாக ஆடை கட்டும். ஒட்டுவது வேறு பொருள். எலும்புக்குள்ளும் தசைநாருக்குள்ளும் தோலுக்குள்ளும் நீள நீளமாக ஓடும் ஒரு புரதம், வெந்நீரில் முறுக்கவிழ்ந்து ஜெலட்டினாக நீரில் இறங்கியிருக்கிறது. அந்தப் புரதத்தின் பெயர் கொலாஜன். கிரேக்க மொழியில் பசையைத் தருவது என்று பொருள். நம் தச்சர்கள் ஒரு காலத்தில் மரத்தை ஒட்டுவதற்குக் காய்ச்சிய வச்சிரமும் இதுதான்.

முழு நல்லியை ஆக்சா பிளேடால் மூன்றாக அறுத்தேன். ஒரு துண்டை வினிகரில் போட்டேன். ஒரு துண்டை அடுப்புக்கரித் தணலில் இட்டேன். மூன்றாவதைக் காயவைத்து எடுத்து வைத்தேன்.

தணலில் போட்டது முதலில் கறுத்தது, நாறியது, பிறகு வெண்மையானது. ஆறிய பின் வடிவம் அப்படியே இருந்தது. ஒரு ரேகைகூட மாறவில்லை. ஆனால் இரண்டு விரலால் நெரித்ததும் விபூதி போல உதிர்ந்தது. வினிகரில் போட்டதற்கு அவசரம் ஆகாது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றினேன். "ஏண்டா, ஊறுகாயா போடுற எலும்பை?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்டார். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது அதுவும் வடிவம் மாறவில்லை. ஆனால் ரப்பர் துண்டுபோல அமுங்கியது, விட்டதும் நிமிர்ந்தது. அம்மாவின் கையில் கொடுத்தேன். அமுக்கிப் பார்த்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "இதுவா எலும்பு?"

இதுவும்தான் எலும்பு. நெருப்பு இழையைத் தின்று சுண்ணாம்பை விட்டது. புளிப்பு சுண்ணாம்பைத் தின்று இழையை விட்டது. உயிருள்ள எலும்பின் எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் தாதுப்பொருள், அதாவது கால்சியம் பாஸ்பேட். 10 சதவீதம் போலத் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு கொலாஜன். நம் பக்கத்து மண்சுவரில் வைக்கோலைச் சேர்த்துக் குழைப்பதை நினைத்துக்கொள்ளலாம். மண் பாரம் தாங்கும். வெடிப்பு ஓடாமல் பிடித்து நிறுத்துவது வைக்கோல். அடர்த்தி ஸ்கேன் எக்ஸ் கதிரைச் செலுத்தி, எவ்வளவு கதிரைத் தாதுப்பொருள் விழுங்கியது என்று கணக்குப் போடுகிறது. மண் எத்தனை கூடை என்று அது சரியாகச் சொல்லும். வைக்கோல் எப்படிக் கிடக்கிறது என்பது அதன் கண்ணுக்குப் படாது.

இந்த இழையின் உருவத்தை உலகம் முதலில் தெரிந்துகொண்டது சென்னையிலிருந்து. அதற்குக் காரணம் தோல் தொழில் என்று சொன்னால் மிகையாகாது. நமக்குப் பக்கத்தில் திண்டுக்கல்லில் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடிவரை ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதனிடுகிற மாநிலம் இது. பதனிடுவது என்பதே தோலில் உள்ள கொலாஜனை அழுகாமல் நிலைநிறுத்தும் வேலை. அதற்காகவே 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. அதன் பக்கத்திலேயே கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை. 1952-இல் அந்தத் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். வயது முப்பதை எட்டவில்லை. எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஒளியியல் பயின்றவர். கேம்பிரிட்ஜ் போய் வந்தவர். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் அதைக் கையில் எடுத்தார்கள்.

முதலில் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து சுறாத் துடுப்பின் கொலாஜன் கிடைத்தது. எக்ஸ் கதிர்ப் படம் மங்கலாக விழுந்தது. கங்காரு வாலின் தசைநாரில் இழைகள் மிக ஒழுங்காக இருக்கும் என்று தெரிந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து அதை வரவழைத்தார்கள். அந்தப் படத்திலிருந்தும், கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்ற வேதியியல் தகவலிலிருந்தும் அவர்கள் கட்டி எழுப்பிய அமைப்பு 1954 ஆகஸ்ட் 7 நேச்சர் இதழில் வெளிவந்தது. மூன்று சங்கிலிகள் சேர்ந்த ஓர் இழை. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டவை என்று எழுதினார்கள். அதே 1955-இல் கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக், ரிச் என்ற இரு விஞ்ஞானிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒரு திருத்தம் சொன்னார்கள். ராமச்சந்திரனின் அமைப்பில் அணுக்கள் ஒன்றையொன்று இவ்வளவு நெருங்கலாமா என்று எழுந்த விவாதத்துக்குப் பதில் தேடப் போய்த்தான், 1963-இல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவரோடு சேர்ந்து ராமச்சந்திரன் தன் பெயரால் வழங்கும் வரைபடத்தை உருவாக்கினார். இன்று உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

மூன்று புரி சேர்ந்த கயிற்றுக்கு முப்புரி என்று நம்மிடம் வெகு காலமாகவே சொல் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கச் சித்திரைத் திருவிழாத் தேர் வடம் போதும். மாசி வீதிகளில் அந்த வடத்தைத் தொட்டவர்கள் கவனித்திருப்பார்கள்: நாரை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குகிறார்கள், புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குகிறார்கள். இரண்டும் ஒரே பக்கம் முறுக்கினால் கயிறு பிரிந்துவிடும். எதிரெதிராக இருப்பதால், இழுக்க இழுக்க இறுகுகிறது. கொலாஜனில் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுழல்கிறது; மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகச் சுழல்கின்றன. ஒரு சங்கிலியில் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள். மூன்றும் முறுக்கிய இழையின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர். மூன்று சங்கிலியும் சந்திக்கும் நடுவிடம் மிகக் குறுகல். அங்கே நுழையக்கூடியது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான். அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வந்தாக வேண்டும். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

எக்ஸ் கதிர் புரியின் முறுக்கைச் சொன்னது. ஆனால் ஒரு முழு எலும்பில் அந்தப் புரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, எங்கே குறுக்கே திரும்புகின்றன, எங்கே கலைந்து கிடக்கின்றன என்பதைப் பார்க்கக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிடம்தான் வர வேண்டும்.

என் மூன்றாவது துண்டு அதற்குத்தான் காத்திருந்தது. அதிலிருந்து மோதிரம் போல ஒரு வில்லையை அறுத்து, தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்கினேன். சொரசொரப்பான தாளில் தொடங்கி, வழவழப்பான தாளுக்கு வர வேண்டும். நடுவிரல் நுனியால் மெல்ல அழுத்தி, வட்டமாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் தெறிக்கும். இரண்டு வில்லை அப்படித் தெறித்தன. மூன்றாவது நின்றது. மூன்று மாலை தேய்த்தேன். கீழே வைத்த செய்தித்தாளின் எழுத்து வில்லைக்கு ஊடே படிக்கத் தெரிந்தபோது நிறுத்தினேன். தலைமுடியின் தடிமன் இருக்கும்.

நண்பர் ஒருவர் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறார். மாணவர்கள் போன பின் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். இயற்பியல் துறையிலிருந்து இரண்டு போலராய்டு தகடுகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஒன்றை மைக்ராஸ்கோப்பின் விளக்குக்கு மேலே வைத்தார். மற்றொன்றைக் கண் வைக்கும் குழாய்க்கு மேலே வைத்து மெல்லத் திருப்பினார். போலராய்டு தகடு ஒரே ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் எதுவும் கடந்து வராது, பார்வைப்புலம் இருண்டுவிடும். அந்த இருட்டுக்குள் என் வில்லையைத் தள்ளினார்.

இருட்டு எரிந்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கறிக்கடையில் ரத்தம் பூசிக் கிடந்த எலும்பில், செங்கல் வரிசை போல அடுக்கடுக்காக வெள்ளைப் பட்டைகள். ஒன்று ஒளிர்ந்தது, அடுத்தது மங்கியது, மறுபடி ஒன்று ஒளிர்ந்தது. "இளம் ஆடு சார்" என்றார் நண்பர். வேகமாக வளரும் கால்நடையின் எலும்பு இப்படித்தான் அடுக்கடுக்காகக் கட்டப்படும். ஒழுங்காக இழை கிடக்கும் பட்டை ஒளிர்கிறது. அவசரத்தில் தாறுமாறாகப் பின்னிய பட்டை இருண்டு நிற்கிறது. கண்ணாடியோ தண்ணீரோ இருந்திருந்தால் இருட்டு இருட்டாகவே இருந்திருக்கும். கொலாஜன் இழைக்கு நீளவாட்டில் ஒரு குணம், குறுக்குவாட்டில் ஒரு குணம். அதன் வழியே வரும் ஒளி இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேகத்தில் போய், வெளியேறும்போது தளம் மாறிவிடுகிறது. அப்படி மாறிய ஒளிதான் இரண்டாம் தகட்டைத் தாண்டி என் கண்ணுக்கு வந்தது.

பிறகு அவர் மரப்பெட்டியைத் திறந்து, எந்த விலங்கியல் கூடத்திலும் இருக்கிற பழைய ஸ்லைடு ஒன்றை எடுத்தார்: முதிர்ந்த பாலூட்டி எலும்பின் குறுக்குவெட்டு. மரத்தின் ஆண்டு வளையங்கள் போல வட்டத்துக்குள் வட்டம். நடுவில் ரத்தக்குழாய் போகும் துளை. 1691-இல் இதை எழுதிவைத்த ஆங்கிலேய மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸின் பெயரில் அது ஹேவர்ஸியன் குழாய். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒரு கறுப்புச் சிலுவை படிந்திருந்தது. "ஸ்லைடைச் சுத்துங்க" என்றார். சுற்றினேன். வட்டம் சுற்றியது, சிலுவை அசையவில்லை. இழைகள் துளையைச் சுற்றி வளைந்து ஓடுவதால், எப்படித் திருப்பினாலும் தகடுகளின் திசைக்கு இணையான நான்கு இடங்கள் இருந்துகொண்டே இருக்கும், அங்கெல்லாம் இருட்டு. இந்தச் சிலுவையை நான் படத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். கையால் சுற்றிப் பார்த்தபோதுதான் அது எலும்பில் இல்லை, இழையின் திசைக்கும் ஒளியின் திசைக்கும் நடுவே பிறக்கிறது என்று புரிந்தது.

சில வட்டங்கள் பளிச்சென்றும் சில கறுத்தும் இருப்பதைக் கவனித்த இத்தாலியர்கள் அஸ்சென்சியும் பொனுச்சியும் 1960-களில் ஒரு பொறுமையான வேலை செய்தார்கள். கால் மில்லிமீட்டர் குறுக்களவுகூட இல்லாத அந்த வட்டத் தூண்களை ஒவ்வொன்றாக எலும்பிலிருந்து பிரித்து எடுத்து, இழுத்தும் அமுக்கியும் பார்த்தார்கள். கறுத்துத் தெரிந்தவற்றில் இழைகள் எலும்பின் நீளவாட்டில் ஓடுகின்றன. அவை இழுவையைத் தாங்கின. பளிச்சென்றவற்றில் இழைகள் குறுக்கே சுற்றுகின்றன. அவை அமுக்கத்தைத் தாங்கின. வளையும் எலும்பின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். அந்தந்தப் பக்கத்துக்குத் தக்கபடி உடல் இழையைத் திசைமாற்றிப் போடுகிறது.

போலராய்டு தகடு மெல்லிய சீவலைத்தான் காட்டும். தடித்த எலும்புக்குள் ஆழ்ந்து பார்க்க லேசர் வேண்டும். அந்தக் கதை 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. பீட்டர் ஃபிராங்கனும் கூட்டாளிகளும் சிவப்பு ரூபி லேசரைப் படிகக்கல்லில் பாய்ச்சினார்கள். உள்ளே போன ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெளியே வந்ததில் ஒரு துளி 347. சரிபாதி. இரண்டு ஒளித்துகள்கள் சேர்ந்து ஒன்றாகி வெளியேறியிருந்தன. புகைப்படத் தட்டில் விழுந்த அந்தச் சின்னப் புள்ளியை, தூசி என்று எண்ணி ஆய்விதழ்க்காரர்கள் அச்சில் அழித்துவிட்டார்கள். கண்டுபிடிப்பு இல்லாமலே கண்டுபிடிப்புக் கட்டுரை வெளிவந்தது.

பத்து ஆண்டுகளில், 1971-இல், உயிர்த்திசுக்களிலும் இது நடக்கிறது என்று கண்டார்கள். எல்லாப் பொருளும் இப்படிச் செய்யாது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும் அமைப்பு இரண்டு ஒளித்துகளைச் சேர்க்காது. தலை வேறு வால் வேறாக, ஒரு திசை உள்ள அமைப்புதான் சேர்க்கும். கொலாஜனின் முப்புரிக்கு அப்படி ஒரு திசை இருக்கிறது. எலும்பின் சுண்ணாம்புப் படிகத்துக்கு இல்லை. ஆகவே 800 நானோமீட்டரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினால், எலும்பின் தாதுப்பொருள் இருட்டில் நிற்க, கொலாஜன் மட்டும் 400 நானோமீட்டரில் ஊதாநீலமாக மின்னும். சாயம் வேண்டாம், வினிகர் வேண்டாம், வெட்டிச் சிதைக்க வேண்டாம். இருக்கிற எலும்பில் இருக்கிற இழை தன் ஒளியில் தானே தெரிகிறது. என் நல்லி வில்லை அந்த மேஜைக்குப் போகவில்லை. கோடி ரூபாய் விலையுள்ள கருவி அது. அதில் எடுத்த படங்களை மட்டும் பார்த்திருக்கிறேன். தறியில் பாவு விரித்ததுபோல இழைகள் கிடக்கும்.

ராமச்சந்திரனின் விதி இங்கேதான் திரும்ப வருகிறது. சில குழந்தைகள் பிறக்கும்போதே எலும்பு முறிவுகளோடு பிறக்கின்றன. தூக்கினால் முறியும், இருமினால் விலா முறியும். கண்ணின் வெள்ளைப்பகுதி நீலம் பாய்ந்திருப்பதும் உண்டு. இவர்களில் பலருக்குக் கொலாஜனின் மரபணுவில் ஓரிடத்தில் எழுத்துப் பிழை: கிளைசின் வர வேண்டிய இடத்தில் அதைவிடப் பெரிய அமினோ அமிலம் வந்துவிட்டது. ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் குறுகலான நடுவிடத்தில் அது நுழைய முடியாமல் முறுக்கு அங்கே நெகிழ்கிறது. வடம் முழுவதும் பலம் இழக்கிறது. எத்தனை கால்சியம் கொடுத்தாலும் அந்த முறுக்கு ஏறாது. இந்த நோயுள்ள எலிகளின் திசுவையும் நல்ல திசுவையும் லேசர் ஒளி வேறுபடுத்திக் காட்டுகிறது.

அம்மாவின் மணிக்கட்டுக்கும் இழையில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொலாஜனுக்கு ஆயுள் அதிகம். ஒருமுறை கட்டியது பல ஆண்டுகள் எலும்பில் இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், அது மெல்ல மெல்ல இழைகளில் ஒட்டி, இழைக்கும் இழைக்கும் நடுவே வேண்டாத முடிச்சுகளைப் போடுகிறது. நெகிழ வேண்டிய வடம் விறைத்துவிடுகிறது. வகை இரண்டு நீரிழிவு உள்ளவர்களுக்கு அடர்த்தி ஸ்கேன் நன்றாக இருந்தும் எலும்பு முறிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவ உலகம் இப்போது கருதுகிறது. அந்த முடிச்சுகளில் சிலவற்றுக்குப் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் குணம் உண்டு. ஒளி அதையும் காட்டிக்கொடுக்கிறது.

ஒளியின் இன்னொரு வழி திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர் பெயரால் வழங்குகிறது. 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் கல்கத்தாவில் கண்ட விளைவின்படி, ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறும்; எவ்வளவு மாறியது என்பது அந்தப் பொருளின் கையெழுத்து. எலும்பில் லேசரைப் பாய்ச்சினால், சென்டிமீட்டருக்கு 960 என்ற அலைஎண் அருகே தாதுப்பொருள் உயர்ந்து நிற்கும். 1660 அருகே கொலாஜன் நிற்கும். இரண்டு சிகரங்களையும் ஒப்பிட்டால் சுண்ணாம்பு எவ்வளவு, இழை எவ்வளவு என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தோலுக்கு மேலிருந்தே இப்படி எலும்பைப் படிக்கும் முயற்சி இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. ஆசிரியர் கண்ட ஒளி, மாணவர் கண்ட முப்புரி, இரண்டும் ஓர் எலும்புச் சீவலில் சந்திக்கின்றன. இந்தச் சந்திப்பை நம் பள்ளிப் பாடநூல்கள் ஏன் ஒரே பக்கத்தில் சொல்லவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நல்லியின் பின்னால் போன நான் கடைசியில் வந்து நின்றது மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில், வைகைக் கரைச் சமவெளியில். கீழடி அகழாய்வில் கிடைத்த விலங்கு எலும்புகளில் 70 மாதிரிகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, காட்டுப்பன்றி, நீலமான், மயில் என்று பட்டியல் வந்தது. நெசவுக்குப் பயன்பட்ட கூரிய எலும்புக் கருவிகளும் அங்கே கிடைத்தன. இழையாலான எலும்பைக் கொண்டே இழையை நெய்திருக்கிறார்கள். அருகே கொந்தகை, கீழடி மக்களுடைய இடுகாடு. 2020-இல் ஆறாம் கட்ட அகழாய்வில் தொடங்கி அங்கே முதுமக்கள் தாழிகளையும் மனித எலும்புக்கூடுகளையும் எடுத்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அந்த எலும்புகளை மரபணு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அங்கே கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளை வைத்து லிவர்பூலில் முகங்களை மீட்டு வரைந்தது 2025-இல் எல்லோரும் பார்த்த செய்தி.

கீழடியின் வயது, கி.மு. 580 என்று நாம் பெருமையோடு சொல்வது, கரித்துண்டிலிருந்து வந்தது. கரி எரிந்த மரத்தின் வயதைச் சொல்லும். எலும்பிலிருந்தே வயது கேட்டால் அந்த மனிதனின் வயதே கிடைக்கும். அதற்கு எலும்பில் கொலாஜன் மிஞ்சியிருக்க வேண்டும். 1971-இல் லோன்ஜின் என்பவர் சொன்ன வழி இன்றும் அடிப்படையாக இருக்கிறது: எலும்பை மென்மையான அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கு, மீதியை வெந்நீரில் இட்டு ஜெலட்டினாக்கு, அந்த ஜெலட்டினில் கரிம அணுக்களை எண்ணு. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். ஜன்னலோரம் வினிகர் பாட்டில், அடுப்பின் மேல் குக்கர். மூன்று வாரம் நான் இங்கே செய்ததுதான் அது.

ஆனால் நம் வெயிலும் மழையும் புதைந்த எலும்பின் இழையை விட்டுவைப்பதில்லை. சுண்ணாம்பு காவல் இருக்கும்வரை கிருமிகள் இழையை எட்ட முடியாது; நீர் ஏறி இறங்கி, வெக்கை மாறி மாறித் தாக்கினால் காவல் தளர்ந்துவிடும். குளிர்நாட்டு எலும்பில் பல்லாயிரம் ஆண்டு நிற்கும் இழை இங்கே அரிது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எலும்பை அமிலத்தில் கரைத்துவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று கை விரித்தால், போன எலும்பு திரும்ப வராது. கரைப்பதற்கு முன் ராமன் ஒளியைக் காட்டிப் பார்த்தால், இழை மிஞ்சிய எலும்பு எது என்று பொறுக்கி எடுக்கலாம். வெளிநாட்டு ஆய்வகங்கள் அப்படிச் செய்கின்றன. வைகைக் கரை எலும்புகள் ஒவ்வொன்றும், ஒரு சீவல் குறையும் முன், இந்த ஒளியின் கீழ் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நல்லி வில்லை இப்போது ஒரு கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி என் மேஜையில் இருக்கிறது. தெருப்பிள்ளைகள் வந்தால் இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே பிடித்துக் காட்டுகிறேன். அம்மாவின் மணிக்கட்டு கூடிவிட்டது; சுகரைக் கட்டுக்குள் வைப்பதில் முன்னைவிடக் கண்டிப்பாக இருக்கிறார்.

திருப்புவனம், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து உறவுகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ தாழி உடைந்து எலும்பு தெரிந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எலும்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உடைந்ததை ஒட்ட பெவிகால் தடவாதீர்கள். பசையிலும் கரிமம் உண்டு, வயதுக் கணக்கு கெட்டுவிடும். மண்ணோடு அப்படியே நிழலில் விட்டு மூடிவைத்து, அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லிவிடுங்கள்.